நிமிஷத்துக்கு இருபத்து நாலு

– அம்பத்தெட்டா? நேத்துகூட இருபத்து நாலுன்னுதானேம்மா எழுதியிருக்கீங்க.

– எழுதினது இருபத்து நாலு சார். இப்ப எண்ணிட்டு வந்தது அம்பத்தெட்டு.

– ஒரே நாள்ல எப்படிம்மா அவ்வளவு ஏறும்? விலைவாசிகூட ரெண்டு மாசம் எடுத்துக்குது. நீங்க ரெக்கார்டு ரூம்ல இருந்து மாடியேறி வந்தீங்கள்ல, உங்க மூச்சையும் சேத்து எண்ணியிருப்பீங்க.

– எண்ணிட்டுதான் சார் மாடியேறினேன். கீழ தரையில உக்காந்து விலாவையே பாத்து எண்ணினேன். ஏறி இறங்கினா ஒண்ணு. அர நிமிஷத்துக்கு இருபத்தொம்போது. அதை ரெண்டால பெருக்கினா...

– பெருக்கல் எனக்குத் தெரியும்மா. நான் இந்த ஆபீஸுக்கு சூப்பிரண்டு.

– அப்ப எழுந்திரிங்க சார். வந்து ஒரு தடவ பாருங்க. மூணாவது ரேக்குக்குக் கீழ, பழைய வரைபடக் கட்டு மேல குந்திக்கிட்டு இருக்கு. படுக்க முடியல. கழுத்த முன்னால நீட்டிக்கிட்டு, முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வெச்சிக்கிட்டு, வயித்த எக்கி எக்கி மூச்சு விடுது.

– பதறாதீங்க. பூனைன்னா எப்படி வேணா உக்காரும். என் மச்சான் வீட்டுப் பூனை பால் குக்கருக்குள்ள உக்காரும்.

– உக்காந்து வாயத் தொறந்து மூச்சு விடுமா?

– வாயத் தொறந்திருக்கா?

– தொறந்திருக்கு.

– சூடும்மா. உங்க ரூம்ல ஃபேன் ஓடாம மூணு மாசம் ஆச்சு, நான்தானே கடிதம் எழுதினேன். நாயெல்லாம் வெயில்ல நாக்க தொங்கப்போட்டு இரைக்கும், பாத்ததில்ல?

– அது நாய் சார்.

– ரெண்டுக்கும் நாலு கால்தான். நான் சொல்றதக் கேளுங்க, முறைன்னு ஒண்ணு இருக்கு. இன்னைக்கு ஒரு தடவ எண்ணினீங்க. மதியம் ஒரு தடவ எண்ணுங்க. சாயங்காலம் ஒரு தடவ. சராசரி எடுத்துட்டு நாளைக்குக் காலையில ஒரு குறிப்பு வைங்க, பாக்கலாம்.

– திங்கட்கிழமை முப்பத்தாறுன்னு உங்ககிட்ட சொன்னேன் சார். திங்கட்கிழமைன்னா எல்லாருக்கும் மூச்சு வாங்கும்னு சொல்லி அனுப்பிட்டீங்க.

– சொன்னேனா?

– சொல்லிட்டு நீங்களே சிரிச்சீங்க.

– சரி, அது ஒரு பேச்சுக்கு. ஆனா ரிஜிஸ்டர்ல திங்கட்கிழமையும் இருபத்து நாலுதானேம்மா இருக்கு? இதோ பாருங்க. மூச்சுப் பதிவேடு, பக்கம் நாப்பத்தேழு. தேதி, நேரம், மூச்சு எண்ணிக்கை, எண்ணியவர், நேரில் பார்வையிட்டவர் ஒப்பம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. போன வருஷ இன்ஸ்பெக்‌ஷன்ல இந்த ஒரு ரிஜிஸ்டருக்குத்தான் பாராட்டு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஒரு பூனைக்கு இவ்வளவு ஒழுங்கா பதிவேடு வெச்சிருக்கற ஆபீஸ் வேற எங்கயும் இல்லைன்னு எழுதினாங்க.

– நீங்கதான் சார் சொன்னீங்க, கட்டத்துல நம்பர் ஆடக்கூடாது, ஆடினா கேள்வி வரும்னு.

– ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். பதினெட்டு மாசமா இருபத்து நாலு, இருபத்து நாலுன்னு போய்க்கிட்டிருக்கு, நடுவுல டக்குன்னு அம்பத்தெட்டுன்னு போட்டா ஆடிட்ல என்ன கேப்பாங்க? அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. அதனால இன்னைக்கு இருபத்தாறு போடுங்க. நாளைக்கு இருபத்தொம்போது. அடுத்த வாரம் நாப்பதத் தொடும்போது நாம முறைப்படி டாக்டர்கிட்ட போறோம். பாக்கறவங்களுக்கும் நல்லா இருக்கும்.

– அடுத்த வாரம் எண்ணறதுக்கு மூச்சு வேணும் சார்.

– இப்படி அபசகுனமா பேசாதீங்க.

– சார், நான் உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கேட் பாஸ். பூனைய வெளிய கொண்டுபோக ஒரு கையெழுத்து. அதுக்கு மட்டும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல நம்பர் போட்டு வெச்சிருக்கீங்களே, நூத்திப்பதினாலு, எலித் தடுப்பு, உயிருள்ளது, கருப்பு, ஒண்ணுன்னு. பாஸ் இல்லாம கேட்ல விடமாட்டாங்க. போன மாசம் கால் உடைஞ்ச நாற்காலிய வெளிய எடுத்ததுக்கே என்னை முக்கால் மணி நேரம் நிறுத்தி வெச்சாங்க.

– அது சரியான நடைமுறைம்மா.

– நாற்காலிக்கு மூச்சு வாங்கல சார்.

– இருங்க, இருங்க. முதல்ல டாக்டர்கிட்ட போன்ல கேப்போம். அவங்க வேணாம்னு சொல்லிட்டா நமக்கு வேலை மிச்சம். நம்பர் இருக்கா?

– மூணு நாளா கையிலயே வெச்சிருக்கேன். கீழ வந்து ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க, அவங்க ஏதாவது கேட்டா பாத்துச் சொல்லணும்.

*

– கிளினிக். சொல்லுங்க.

– வணக்கம் டாக்டர். நான் ஒரு அலுவலகத்துல கண்காணிப்பாளரா இருக்கேன். எங்க அலுவலகப் பூனை சம்பந்தமா ஒரு சின்ன தெளிவுரை...

– டாக்டர், சார் தெளிவுரையெல்லாம் அப்புறம் கேப்பார். பூனைக்கு மூச்சு அம்பத்தெட்டு. வாய் தொறந்திருக்கு.

– யாரும்மா பேசறது?

– ரெக்கார்டு ரூம்ல இருக்கேன் டாக்டர். பூனையப் பாத்துக்கறது நான்தான்.

– அம்பத்தெட்டு எப்ப எண்ணினது? ஓடியாடிட்டு வந்தப்பவா, சும்மா இருந்தப்பவா?

– சும்மா இருந்தப்ப. காலையில இருந்து அசையல.

– கொர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சா? கொஞ்சும்போது போடுமே, அப்ப எண்ணினா கணக்கு தப்பும்.

– சத்தமே இல்ல டாக்டர். தடவிக் குடுத்தாலும் இல்ல.

– சரி. சும்மா இருக்கற பூனைக்கு முப்பதுக்குள்ள இருக்கணும். முப்பதுக்கு மேல தொடர்ந்து நின்னாலே காட்டணும். நாப்பதத் தாண்டினா காத்திருக்கக் கூடாது. வாயத் தொறந்து மூச்சு விட்டா நம்பரே எண்ண வேண்டியதில்ல. நாய் இரைக்கும், பூனை இரைக்காது. பூனை இரைக்குதுன்னா அதுக்கு மூச்சு கிடைக்கலன்னு அர்த்தம்.

– கேட்டுக்கிட்டீங்களா சார்? நாலு காலும் ஒண்ணு இல்லியாம்.

– கேட்டுது, கேட்டுது. டாக்டர், இதை நீங்க எழுத்து மூலமா அனுப்ப முடியுமா? ஒரு வரி போதும்.

– பக்கத்துல யாராவது அதோட ஈறு என்ன நிறத்துல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. புடிச்சு அழுத்தாதீங்க. உதட்ட லேசா தூக்கிப் பாத்தா போதும். கோபம் வந்தா விட்டுருங்க.

– நான் தலைய தடவிக்கிட்டே இருக்கேன் சார், நீங்க குனிஞ்சு பாருங்க. வாடி என் கண்ணு, ஒண்ணுமில்லடி, சார் பாக்கத்தான் போறாரு.

– ஆண் பூனையப் போய் வாடி போடிங்கறீங்களேம்மா.

– செல்லமா சொல்றது சார். பாருங்க.

– இருங்க, கண்ணாடி... இது என்ன, கழுத்துக்குக் கீழ வெள்ளையா? கருப்பனுக்கு முழுக் கருப்பா இல்ல இருந்துச்சு?

– நரைச்சிருச்சு சார். ஈறப் பாருங்க.

– என்னமா இரைக்குது. கிட்ட வந்தா சத்தமே வேற மாதிரி இருக்கும்மா. டாக்டர், ஈறு வந்து... ரோஸ் இல்ல. ஒரு மாதிரி ஊதாவா... எங்க ஸ்டாம்ப் மை இருக்குல்ல, புது மை இல்ல, தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டற மை. அந்தக் கலர்.

– உடனே கிளம்புங்க.

– உடனேன்னா மதிய இடைவேளையில...

– உடனேன்னா இப்ப. ஒரு அட்டைப் பெட்டியில காத்து போற மாதிரி ஓட்டை போட்டு வைங்க. தண்ணி, சாப்பாடு எதுவும் வாயில ஊத்தாதீங்க. துணியப் போட்டு இறுக்காதீங்க. வண்டியில சத்தம் வேணாம். நான் ஆக்ஸிஜன் தயாரா வெச்சிருக்கேன்.

– ஒரே ஒரு சந்தேகம் டாக்டர், கோச்சுக்காதீங்க. கேட் பாஸ்ல ரெண்டு கட்டம் இருக்கு. திரும்பி வரும் பொருள், திரும்பி வராத பொருள். எதுல டிக் பண்றது?

– இப்ப கிளம்பினா முதல் கட்டத்துல பண்ணுங்க. இன்னும் அர மணி நேரம் பேசிக்கிட்டிருந்தா ரெண்டாவதுல பண்ணுங்க.

– சார், அவங்க போன வெச்சிட்டாங்க. பேனா இந்தாங்க.

*

– பெட்டிய என்கிட்ட குடுங்க, நீங்க ஏறுங்க. டிரைவர், மெதுவாவும் போகணும், சீக்கிரமாவும் போகணும். ஹாரன் அடிக்காதீங்க, டாக்டர் உத்தரவு.

– நீங்க ஏன் சார் வர்றீங்க? பாஸ்தான் போட்டுட்டீங்களே.

– உயிருள்ள பொருள் வெளிய போனா கூட பொறுப்பு அலுவலர் போகணும்னு விதி இருக்கு.

– அப்படி ஒரு விதியா?

– இருக்கும். தேடினா கிடைக்கும். பேசாம வாங்க.

– மடியில வெச்சிருக்கீங்களே, சட்டை அழுக்காகும்.

– ஆகட்டும். இப்ப எத்தனைன்னு எண்ணிப் பாக்கவா?

– வேணாம் சார். இனிமே எண்ணி என்ன, போய்க்கிட்டுதானே இருக்கோம்.

– இல்ல, நான் இதுவரைக்கும் எண்ணினதில்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு... இது மூச்சா, வண்டி குலுங்கறதா? நாலு... விட்டுப்போச்சு. எப்படிம்மா நீங்க தினமும் எண்ணினீங்க?

– தரையில உக்காந்து எண்ணணும் சார். கண்ண எடுக்கக்கூடாது. அர நிமிஷம்தான், ஆனா அந்த அர நிமிஷம் நாம வேற ஒண்ணும் நெனைக்கக்கூடாது.

– அர நிமிஷம் ஒண்ணும் நெனைக்காம இருக்கறது எனக்கெல்லாம் கஷ்டம்மா.

– எனக்கும்தான் சார். அதனாலதான் ஒரு காலத்துல எண்ணாமலே எழுதினேன்.

– என்னது?

– முதல் ரெண்டு மாசம் ஒழுங்கா எண்ணினேன். இருபத்து மூணு வரும், இருபத்தஞ்சு வரும், ஒரு நாள் இருபத்தேழு வந்துச்சு. அதை எழுதினதுக்கு நீங்க கூப்பிட்டு விளக்கம் கேட்டீங்க. ஏன் இருபத்தேழுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. பூனை என்ன நெனைச்சு மூச்சு விட்டுச்சுன்னு நான் என்னத்த எழுதறது? அன்னையிலருந்து இருபத்து நாலு. மேல இருக்கறத பாத்துக் கீழ எழுதறது.

– இது பெரிய தப்பும்மா. மெமோ குடுக்க வேண்டிய தப்பு.

– குடுங்க. அந்தத் தப்போட தண்டனைய நான் எப்பவோ வாங்கிட்டேன். எண்ணாம விட்டா என்ன ஆகும்னு பாத்துட்டேன். அப்புறம் ஒரு நாள்கூட எண்ணாம இருந்ததில்ல.

– எண்ணினா ரிஜிஸ்டர்ல இருந்திருக்கணுமே. அதுல இருபத்து நாலுதானே இருக்கு.

– அதுல இல்ல சார்.

– புரியல.

– பெட்டிய ஒரு பக்கமா சாய்க்காதீங்க. இப்பிடி நேரா வைங்க. எனக்கு பயமா இருக்கு சார்.

– எனக்கும்தான். இருபது வருஷமா இந்த வண்டியில எத்தனையோ ஃபைல் கொண்டுபோயிருக்கேன், ஒரு ஃபைலும் இப்படி என்னைப் பாத்ததில்ல. டிரைவர், அந்த லாரிய தாண்டுங்க. ஹாரன் அடிங்க. இல்ல, அடிக்காதீங்க. கைய வெளிய காட்டுங்க.

– டிரைவருக்குத் தெரியும் சார்.

– கருப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ. உன்ன நான் ரிஜிஸ்டர்லதான் பாத்துக்கிட்டிருந்தேன், தப்புதான். திரும்பி வரும் பொருள்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். என் கையெழுத்த பொய்யாக்கிராதே.

*

– உள்ள வராதீங்க, அங்கயே உக்காருங்க. பூனை ஆக்ஸிஜன் பெட்டியில இருக்கு.

– டாக்டர், பொழைக்குமா?

– நுரையீரலச் சுத்தி தண்ணி கோத்திருக்கு. நெஞ்சுல ஊசி வெச்சு எடுத்திருக்கேன், அர டம்ளருக்கு மேல வந்துச்சு. அவ்வளவு தண்ணிய வெச்சிக்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் மூச்சு விட்டுக்கிட்டிருந்தது. இப்ப நாப்பத்து ரெண்டுக்கு எறங்கியிருக்கு. வாய மூடியிருக்கு.

– வாய மூடிட்டாளா?

– மூடியாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி வந்திருந்தா நான் ஊசிய எடுத்திருக்கவே வேண்டியிருக்காது. அழாதீங்கம்மா. இன்னும் ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்.

– நல்லா அழுங்கம்மா. டாக்டர், எங்க அலுவலகம் சார்பா...

– நன்றி அப்புறம். முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். இது ஒரே நாள்ல வந்ததா, கொஞ்சம் கொஞ்சமா ஏறினதா? ஒரே நாள்னா மேல இருந்து விழுந்துச்சா, அடிபட்டுச்சான்னு தேடணும். மெதுவா ஏறினதுன்னா உள்ள நோய். மருந்து வேற, வழியும் வேற. சரியா சொல்லுங்க, இதவெச்சுதான் அடுத்த ஊசி.

– இதுக்கு எங்ககிட்ட ஆதாரமே இருக்கு டாக்டர். கையோட கொண்டு வந்தேன். மூச்சுப் பதிவேடு. இதுல நேத்து வரைக்கும் இருபத்து நாலு. அப்ப ஒரே நாள்ல வந்ததுதானே?

– குடுங்க. இருபத்து நாலு. இருபத்து நாலு. இருபத்து நாலு. இந்தப் பக்கமும். சார், எனக்கே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மூச்சு இருக்காது.

– ஒழுங்கான பூனை டாக்டர்.

– இது ஞாயித்துக்கிழமை இல்லையா? உங்க ஆபீஸ் ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?

– இல்ல... பூட்டியிருக்கும்.

– அப்ப ஞாயித்துக்கிழமை யாரு எண்ணினது? அதுலயும் நேரில் பார்வையிட்டவர்னு ஒரு கையெழுத்து இருக்கே.

– அது... வாரத்துக்கு ஒரு தடவ மொத்தமா போடறது டாக்டர். நேரம் மிச்சம்.

– டாக்டர், அதை மூடி வைங்க. இந்த நோட்டப் பாருங்க. வீட்டுச் சாமான் எழுதற நோட்டு, பின்னாடியிருந்து திருப்புங்க.

– சோப்பு, தீப்பெட்டி... ம், இங்க. இருபத்து ரெண்டு, இருபத்தாறு, இருபத்து மூணு. இதுதான் பூனை. நேரம்கூட போட்டிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை இல்ல, சரி. மூணு வாரத்துக்கு முன்னாடி இருபத்தெட்டு. அப்புறம் முப்பத்தொண்ணு. சாப்பாடு பாதி. முப்பத்து மூணு. ரேக் மேல ஏறல. திங்கட்கிழமை முப்பத்தாறு, சாரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நாப்பது, சாரிடம் சொன்னேன், மீட்டிங்.

– செவ்வாய்க்கிழமையும் சொன்னீங்களாம்மா?

– மீட்டிங் ரூமுக்கு வெளிய நின்னு சொன்னேன் சார். கையால போகச் சொன்னீங்க.

– பூனை விஷயம்னு தெரியாதும்மா.

– தெரிஞ்சிருந்தா?

– தெரிஞ்சிருந்தாலும் கையத்தான் காட்டியிருப்பேன். சரி, உண்மையச் சொல்லிட்டேன்.

– எனக்கு இது போதும். மூணு வாரமா மெதுவா ஏறியிருக்கு. அடிபட்டது இல்ல. இந்த நோட்டு இல்லன்னா நான் அந்தப் பதிவேட்ட நம்பி வேற எங்கயோ தேடிக்கிட்டிருப்பேன். கார்டுல எழுதிடறேன். பேரு?

– கருப்பன் டாக்டர். ஆண். ஏழு வயசு. பதிவேட்டு முதல் பக்கத்துலயே இருக்கு, இதயம் கொஞ்சம் பலவீனம், தினமும் மூச்சு எண்ணவும்னு பழைய டாக்டர் சொன்னது.

– சார், நான் உள்ள பாத்தது பொம்பளப் பூனை.

– இருக்காது.

– ஊசி போட்டது நான். பல்லப் பாத்தா ரெண்டு வயசுகூட ஆகல. இதயம் நல்லா அடிக்குது. கழுத்துக்குக் கீழ வெள்ளைத் திட்டு இருக்கு, பிறவியிலேயே வந்தது, நரை இல்ல.

– ஏம்மா, டாக்டர் வேற பூனையப் பாத்துட்டு வந்து சொல்றாங்களா?

– அவங்க சரியான பூனையத்தான் பாத்திருக்காங்க சார். இவ பேரு பொட்டு. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இல்ல. தானா வந்து சேந்தவ. சொன்னா அனுமதியில்லாத பிராணின்னு தொரத்திருவீங்கன்னு சொல்லல. ஒரு பூனைக்குத்தானே அனுமதி.

– அப்ப நான் கேட் பாஸ் போட்டது?

– பாஸ் தேவையில்லாத பூனைக்கு சார். ஆனா அதை நான் சொல்லியிருந்தா நீங்க விசாரணை வெச்சிருப்பீங்க, இவ வாசலத் தாண்டியிருக்க மாட்டா.

– சரி, இது பொட்டு. கருப்பன் எங்க?

– தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி சார். நானே குழி தோண்டினேன். பத்து மாசம் ஆச்சு.

– பத்து மாசமா? இல்லம்மா. உங்களுக்கு ஏதோ குழப்பம். ரிஜிஸ்டர்ல ஒரு நாள்கூட விட்டுப்போகலையே. அன்னைக்கே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணுமே.

– சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க பதிவேட்டப் பாத்து கையெழுத்துப் போட்டுட்டு, பையன் நல்லா இருக்கான் போலயேன்னீங்க. நான் பதிவேட்ட எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டேன். அன்னைக்கும் நான் எண்ணாமதான் எழுதியிருந்தேன்.

– அப்ப அதுக்கப்புறம் இந்த ரிஜிஸ்டர்ல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறது யாரும்மா?

– கருப்பன்தான் சார். செத்த அன்னைக்கு இருபத்து நாலு, புதைச்ச மறுநாள் இருபத்து நாலு, நேத்தும் இருபத்து நாலு, பக்கத்துலயே நேரில் பார்வையிட்டேன்னு உங்க கையெழுத்து.